குறிப்பு மொழியும் கடப்பாடும்

“நேரம் கிடைத்தால் இதனைச் சற்றுப் பார்க்கிறீர்களா?” என மேலதிகாரி கேட்கின்றார். அது வினாவன்று, மாலைக்குள் முடித்துத் தருக என்னும் ஏவல். வினா வடிவில் ஏவுதல் மொழிக்குப் புதிதன்று. நன்னூலார் வினாவை ஆறாக வகுத்தபோது ஏவல் வினாவையும் அவற்றுள் ஒன்றாக வைத்தார். ஆயினும் சொல்லின் நேர்ப்பொருளையே கொள்ளும் இயல்புடைய ஓட்டிசக்காரர் ஒருவர், நேரம் கிடைக்கவில்லை என மறுநாள் உள்ளதை உள்ளவாறே கூறிவிடலாம். அது பணிவின்மை எனக் கொள்ளப்படுகின்றது. இங்குத் தவறியவர் யாவர்?

1943இல் லியோ கானர் ஓட்டிசத்தை விவரித்த காலந்தொட்டு, குறை ஒருவரிடத்தே மட்டும் உள்ளதென்ற எண்ணமே நெடுங்காலம் மேலோங்கியிருந்தது. தாமும் ஓட்டிசமுடையவரான பிரித்தானியச் சமூகவியலாளர் டேமியன் மில்ற்றன் 2012இல் இதனை மறுத்தார். விளங்காமை இருபாலார்க்கும் பொது என்பது அவர் வாதம். ஓட்டிசமுடையோர் தமக்குள் செய்தியைக் கைமாற்றுவதில் ஏனையோருக்குச் சளைத்தவரல்லர் எனக் கதரின் குரொம்ப்டன் முதலியோர் 2020இல் வெளியிட்ட ஆய்வும் காட்டிற்று. நோவா சாசன் முதலியோரின் 2017ஆம் ஆண்டு ஆய்வு இன்னும் கூர்மையானது. ஓட்டிசமுடையோரைக் கண்டும் கேட்டும் மதிப்பிட்டோர் சில கணங்களிலேயே தாழ்வாக மதித்தனர். அதே பேச்சை எழுத்தில் மட்டும் படித்தோரிடம் அவ்வேறுபாடு காணப்படவில்லை. நேர்முகப் பரீட்சை எதனை அளக்கின்றது என்ற ஐயம் எழாமற் போகாது.

குறிப்பாற் பேசுதல் நாகரிகத்தின் கூறு என்பர். நண்பரிடையே அது பொருந்தும். சம்பளமும் பதவியுயர்வும் ஒருவர் கையில் இருக்கும் இடத்தில் அது வேறொன்றாகிவிடுகின்றது. பணி பிழைத்தால், தாம் அவ்வாறு சொல்லவில்லை என மேலதிகாரி விலகிக்கொள்ளலாம். குறிப்பை உணரும் பொறுப்பு முழுவதும் கீழுள்ளவருடையது. ஆணையிடும் உரிமையுடையவர் ஆணையைத் தெளிவாகச் சொல்லக் கடமைப்பட்டவர் அல்லரா?

பிரித்தானியாவின் 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டம், இயலாமையுடைய ஊழியர்க்கு நியாயமான மாற்றங்களைச் செய்யுமாறு தொழில் வழங்குநரைப் பணிக்கின்றது. பணிப்புரைகளை எழுத்தில் தருதலும், நேர்முகப் பரீட்சை வினாக்களை முன்கூட்டியே அளித்தலும் இத்தகையன. இவற்றுக்குச் செலவு மிகச் சொற்பமே. இருந்தும் அந்நாட்டில் தொழில் புரியும் வயதிலுள்ள ஓட்டிசமுடையோருள் 10 பேருக்கு ஏறத்தாழ 3 பேரே தொழிலில் உள்ளனர் என 2024இல் வெளியான பக்லண்ட் மீளாய்வு கூறிற்று. மாற்றம் வேண்டுமாயின், பெரும்பாலும் தம் நிலையை முதலில் வெளியிட்டாக வேண்டும். வெளியிட்டபின் தம்மை எவ்வாறு நோக்குவர் என்பதோ தெரியாது. அவ்வச்சத்தாற் பலர், பிறர் கண்ணை நோக்கிப் பேசவும், சிரிக்க வேண்டிய இடமறிந்து சிரிக்கவும் பழகி, பகல் முழுதும் நடித்துக் களைத்து வீடு திரும்புகின்றனர்.