பந்து தவறினால் மனிதன் தவறியவனா?



பங்கு மடலில் உதைபந்தாட்டத்தைப் பற்றி எழுதுவதா என்று பெரியவர்கள் சிலர் புருவத்தை நெரிக்கலாம். இளைஞர்களோ முதல் வரியிலேயே நிமிர்ந்து உட்கார்வார்கள். இரு சாராருக்கும் பொதுவான ஒரு கேள்வியை இவ்வாரம் எடுத்துக்கொள்வோம். ஒருவன் தன்னால் இயன்றதைச் செய்தும் காரியம் கைகூடாமற் போனால், அவன்மேல் நாம் வைத்த நம்பிக்கையைத் திரும்பப் பெற்றுக்கொள்வது நியாயமா? வீட்டிலும் பள்ளியிலும் தொழிற்சாலையிலும் தினந்தோறும் எழுகிற கேள்விதான் இது. ஆனால் பந்தாட்டத்தில் பெனால்ட்டி உதையின்போது அது எல்லாருடைய கண்ணுக்கும் தெரியும்படி எழுகிறது. ஆதலால் அங்கிருந்தே தொடங்குவோம்.

ஆட்டம் அறியாதவர்களுக்காகச் சிறு விளக்கம். கோலுக்கு முன்னாலுள்ள பெரிய கட்டத்துக்குள், காக்கும் கட்சிக்காரன் ஒருவன் எதிரியை முறைதவறித் தடுத்தால், எதிர்க்கட்சிக்குப் பெனால்ட்டி கிடைக்கிறது. கோலிலிருந்து 12 கெஜ தூரத்தில் பந்தை வைப்பார்கள். மற்ற எல்லாரும் விலகி நிற்க வேண்டும். உதைப்பவன் ஒருவன், கோலைக் காப்பவன் ஒருவன், அவ்வளவே. கோலின் அகலம் 24 அடி, உயரம் 8 அடி. இந்த விதி 1891-ம் ஆண்டில் ஏற்பட்டது. இதை முன்மொழிந்த அயர்லாந்துக்காரரான வில்லியம் மெக்ரம் தாமே ஒரு கோல்கீப்பர் என்பது வேடிக்கை. ஆட்டம் சமமாய் முடிந்தால் இரு கட்சியினரும் மாறி மாறிப் பெனால்ட்டி உதைத்து வெற்றியை முடிவு செய்யும் வழக்கம் 1970-ல்தான் விதியாயிற்று. அதற்கு முன் நாணயத்தைச் சுண்டிப் பார்ப்பதும் உண்டு. 1968-ல் ஐரோப்பியப் போட்டியின் அரையிறுதியில் இத்தாலியும் சோவியத் ரஷ்யாவும் சமமாய் நின்றபோது, நாணயந்தான் இத்தாலியை இறுதி ஆட்டத்துக்கு அனுப்பியது.

பெனால்ட்டி உதைகளில் ஏறக்குறைய நான்கில் மூன்று கோலாகிவிடுகின்றன. ஆகவே, அடித்தவனை யாரும் பெரிதாய்ப் புகழ்வதில்லை. "இதுகூட அடிக்காவிட்டால் எப்படி?" என்று சொல்லிவிடுகிறோம். தவறவிட்டவனையோ ஊரே ஏசுகிறது. கிடைத்தால் சிறு கூலி, தவறினால் பெருந்தண்டனை. இப்படிப்பட்ட வேலைக்கு ஒருவன் தானாக முன்வருகிறான் என்பதையே நாம் கவனிப்பதில்லை.

நம் சென்னை நகரத்துக் கட்சியின் கதையைக் கேளுங்கள். 2015-ம் ஆண்டு டிசம்பர் மாதத்தை நம் பகுதியில் யாரும் மறந்திருக்கமாட்டோம். பூவிருந்தவல்லிக்கு அருகிலுள்ள செம்பரம்பாக்கம் ஏரி நிரம்பி, அதன் நீர் அடையாற்றில் பாய்ந்து, ஆற்றோரமெல்லாம் வெள்ளக்காடாய்க் கிடந்த நாட்கள் அவை. அப்போது இந்தியன் சூப்பர் லீக் போட்டியில் விளையாடி வந்த சென்னையின் எப்.சி. கட்சியால் தன் சொந்த ஊரில் அரையிறுதி ஆட்டத்தை நடத்த முடியவில்லை. ஆட்டம் புனே நகருக்கு மாற்றப்பட்டது. கொல்கத்தாவை வென்று, டிசம்பர் 20-ந் தேதி கோவாவிலுள்ள பத்தோர்டா மைதானத்தில் இறுதி ஆட்டத்துக்குச் சென்றார்கள் நம்மவர்கள்.

54-வது நிமிடத்தில் சென்னைக்கு ஒரு பெனால்ட்டி கிடைத்தது. பிரேசில் நாட்டவரான புரூனோ பெலிசாரி உதைத்தார். கோவாவின் கோல்கீப்பர் லட்சுமிகாந்த் கட்டிமணி அதைத் தடுத்துவிட்டார். ஆனால் தடுக்கப்பட்ட பந்து திரும்பி வந்தது. பெலிசாரி அங்கேயே நின்று வருந்தாமல் ஓடிச்சென்று அதை வலைக்குள் தள்ளினார். கோவா விரைவிலேயே சமன் செய்தது. சென்னைக்கு இரண்டாவது பெனால்ட்டியும் கிடைத்தது. இம்முறை உதைக்க வந்தவர் கொலம்பியா நாட்டவரான ஸ்டீவன் மென்டோசா. அந்த ஆண்டு 13 கோல்கள் அடித்து, போட்டியிலேயே முதலிடம் பெற்றவர் அவர். அவரைவிட நம்பத்தக்கவர் யார்? ஆயினும் கட்டிமணி அதையும் தடுத்துவிட்டார்.

87-வது நிமிடத்தில் கோவா 2-1 என்று முந்திக்கொண்டது. அந்நேரத்தில் ஆட்டம் முடிந்திருந்தால், மென்டோசா என்ற பெயருக்குச் சென்னை இரசிகர்கள் என்ன அடைமொழி சூட்டியிருப்பார்கள் என்று சொல்லவும் வேண்டுமோ? ஆனால் ஆட்டம் முடியவில்லை. 90-வது நிமிடத்தில் சென்னை சமன் செய்தது. அந்தக் கோல், இரண்டு பெனால்ட்டிகளைத் தடுத்த அதே கட்டிமணியின் பெயரில் சொந்தக் கோலாக எழுதப்பட்டது. அதன்பின் கூடுதல் நேரத்தில் வெற்றிக் கோலை அடித்தவர், பெனால்ட்டியைத் தவறவிட்ட அதே மென்டோசா! சென்னை 3-2 என்ற கணக்கில் கோப்பையை வென்றது.

இப்போது சொல்லுங்கள்: மென்டோசா நம்பத்தக்கவரா, நம்பத்தகாதவரா? கட்டிமணி வீரரா, பிழை செய்தவரா? ஒரே மாலையில், ஒரே மனிதரைப் பற்றி நம் தீர்ப்பு இரண்டு முறை தலைகீழாய் மாறுமானால், குறை அந்த மனிதரிடம் இல்லை. நாம் தீர்ப்பிடும் முறையில்தான் இருக்கிறது.

இன்னும் ஆழமாய்ப் பார்ப்போம். 2023-ம் ஆண்டு ஜூலை 4-ந் தேதி, பெங்களூரில் தெற்காசியக் கோப்பை இறுதி ஆட்டம். இந்தியாவும் குவைத்தும் 1-1 என்று சமமாய் நின்று பெனால்ட்டிக்குச் சென்றன. உதாந்தா சிங் என்ற நம் வீரர் தம் உதையைத் தவறவிட்டார். ஆயினும் இறுதியில் கோல்கீப்பர் குர்ப்ரீத் சிங் சாந்து எதிரியின் உதையைத் தடுக்க, இந்தியா 5-4 என்று வென்றது. உதாந்தாவின் தவறு இன்று எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது?

மற்றொரு பக்கம், 1994-ம் ஆண்டு உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் இத்தாலியின் ரொபெர்த்தோ பாஜ்ஜோ பெனால்ட்டியைக் கோலுக்கு மேலே உதைத்துவிட்டார். கோப்பை பிரேசிலுக்குப் போயிற்று. முப்பது ஆண்டுகளுக்குப் பின்னும் அவர் பெயரைச் சொன்னால் அந்த ஓர் உதையைத்தான் உலகம் நினைக்கிறது. அவருக்கு முன்பே பரேசி, மஸ்ஸாரோ என்ற இரு இத்தாலியரும் தவறவிட்டிருந்தார்கள். பாஜ்ஜோ கோல் அடித்திருந்தாலும் பிரேசிலுக்கு இன்னும் ஓர் உதை மீதமிருந்தது. அதே போட்டியில் நைஜீரியா, ஸ்பெயின், பல்கேரியா ஆகிய நாடுகளுக்கு எதிராக ஐந்து கோல்கள் அடித்து இத்தாலியை இறுதிவரை கொண்டுவந்தவரே அவர்தாம். அவற்றை யார் சொல்கிறார்கள்?

உதாந்தா செய்ததும் பாஜ்ஜோ செய்ததும் ஒரே காரியம். ஒருவரை மறந்தோம், மற்றவரை மறக்க மறுக்கிறோம். வேற்றுமை எங்கே? ஒருவருக்குப் பின்னால் ஒரு கோல்கீப்பரின் கைகள் இருந்தன, மற்றவருக்கு இல்லை. அதாவது, பிறர் செய்ததற்கும் செய்யாததற்கும் சேர்த்து ஒருவனிடமே கணக்குக் கேட்கிறோம். மனிதனை அவனுடைய கைக்குள் இருப்பதைக் கொண்டு தீர்ப்பிட வேண்டுமேயன்றி, கைக்கு அப்பாற்பட்டதைக் கொண்டு தீர்ப்பிடலாகாது. பயிற்சி அவன் கையில் இருக்கிறது. அழைக்கப்பட்டபோது முன்வருவது அவன் கையில் இருக்கிறது. பந்து அவனுடைய காலைவிட்டுச் சென்றபின், எதிரே நிற்பவன் எந்தப் பக்கம் பாய்வான் என்பது அவன் கையில் இல்லை. பெனால்ட்டிக்கு முன் சிலுவை அடையாளம் வரைந்துகொள்ளும் ஆட்டக்காரர்களைப் பார்த்திருப்பீர்கள். சில வேளை எதிரே நிற்கும் கோல்கீப்பரும் அதையே செய்கிறார். இருவரும் கேட்பது வெற்றியாயிருந்தால் ஒருவர் ஏமாறத்தான் வேண்டும். கேட்பது திடமாயிருந்தால் இருவருக்குமே கிடைக்கலாம்.

"அப்படியானால் யார் எவ்வளவு தவறவிட்டாலும் அவனையே மறுபடியும் உதைக்க அனுப்ப வேண்டுமா?" என்று ஓர் இளைஞர் கேட்கக்கூடும். நல்ல கேள்வி. இல்லை என்பதே விடை. யார் உதைப்பது என்று முடிவு செய்வது பயிற்சியாளரின் கணக்கு. இன்று கால் வலிக்கிறவனை விட்டு, நன்றாய் உதைக்கிறவனை அனுப்புவது விவேகம். அதில் அநீதி ஒன்றுமில்லை. அவ்வாறே, பயிற்சிக்கு வராமல் ஊர் சுற்றியவனையும், கூட்டத்துக்கு வேடிக்கை காட்டுவதற்காக அலட்சியமாய் உதைத்தவனையும் கண்டிப்பதும் முறையே. ஏனெனில் அவை அவனுடைய கைக்குள் இருந்த காரியங்கள்.

ஆனால் கணக்கு வேறு, நம்பிக்கை வேறு. "இவன் பத்தில் எட்டு அடிப்பான்" என்பது கணக்கு. அது பலனைப் பார்த்து ஏறும், இறங்கும். "இவன் நம்மவன், தன்னால் இயன்றதைச் செய்வான், என்ன நேர்ந்தாலும் இவனோடு நாம் நிற்போம்" என்பதுதான் நம்பிக்கை. பந்து உள்ளே போகும்வரை மட்டும் நிற்கும் நம்பிக்கை, நம்பிக்கையே அன்று. அது கணக்குத்தான், நம்பிக்கையின் வேஷத்தைப் போட்டுக்கொண்டிருக்கிறது. நம்பிக்கைக்குச் சோதனை பந்து தவறிய பிறகே வருகிறது.

நம்பிக்கை இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கும் மைதானத்திலேயே சாட்சி உண்டு. இஸ்ரேல் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் 286 பெனால்ட்டி உதைகளை ஆராய்ந்து 2007-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நூற்றுக்கு ஏறக்குறைய 29 உதைகள் கோலின் நடுப்பகுதிக்கே வந்தன. ஆனால் கோல்கீப்பர்கள் நடுவில் அசையாமல் நின்றது நூற்றுக்கு ஆறு முறைதான். நின்றால் தடுக்கக்கூடும் என்றிருந்தும் ஏன் பாய்கிறார்கள்? பாய்ந்தும் கோல் விழுந்தால், "பாவம், முயன்றான்" என்பார்கள். நின்று கோல் விழுந்தால், "மரம்போல் நின்றான்" என்பார்கள். ஆராய்ச்சியாளர்கள் கண்ட காரணமும் ஏறத்தாழ இதுவே. ஏச்சுக்கு அஞ்சுகிறவன் சரியானதைச் செய்வதை விட்டு, ஏச்சு குறைவாய் விழும் காரியத்தைச் செய்கிறான்.

நம்பிக்கை கிடைத்த இடத்தில் நடப்பதையும் பாருங்கள். 2021-ம் ஆண்டு ஜூலை 11-ந் தேதி, ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டத்தில், பத்தொன்பதே வயதான புகாயோ சாகா இங்கிலாந்தின் கடைசிப் பெனால்ட்டியைத் தவறவிட்டார். இத்தாலி வென்றது. சாகாவையும், அவரோடு தவறவிட்ட ராஷ்போர்டு, சாஞ்சோ என்பவர்களையும் அவர்களுடைய நிறத்தைச் சொல்லிப் பலர் இழிவாய் ஏசினார்கள். மான்செஸ்டரில் சுவரில் வரையப்பட்டிருந்த ராஷ்போர்டின் படத்தை யாரோ பாழ்படுத்தினார்கள். ஆனால் அவ்வூர் மக்கள், சிறுவர்கள் உட்பட, அன்பு மொழிகள் எழுதிய காகிதங்களைக் கொண்டுவந்து ஒட்டி, அந்தப் பாழ்பட்ட இடத்தையே மூடிவிட்டார்கள். மூன்று ஆண்டுகள் கழித்து, 2024-ல், சுவிட்சர்லாந்துக்கு எதிராக இங்கிலாந்து மறுபடியும் பெனால்ட்டிக்கு நின்றபோது, சாகா மறுபடியும் முன்வந்தார். கோல் அடித்தார். அடித்ததைவிட, முன்வந்ததையே நான் பெரிதாய் மதிக்கிறேன்.

பெற்றோர்களே, இனி மைதானத்தை விட்டு உங்கள் வீட்டுக்குள் வாருங்கள். மே மாதத்தில் பரீட்சை முடிவு வெளியாகும் நாளில், எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டு, வீட்டுக்கு வர அஞ்சி ஆவடி இரயில் நிலையத்துப் பலகையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையை நினைத்துப் பாருங்கள். அவனுக்கு மதிப்பெண் குறைந்ததைவிட, உங்கள் முகம் மாறுமே என்பதுதான் பெரிய துயரம். அவன் படிக்காமல் திரிந்திருந்தால் கண்டியுங்கள். அது உங்கள் கடமை. ஆனால் விடியற்காலையில் எழுந்து படித்ததை நீங்களே கண்ணால் கண்டிருந்தால், அன்று மாலை அவனுக்கு வழக்கம்போல் சோறு போட்டு, வழக்கம்போல் பேசுங்கள். அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் சிறு பட்டறை வைத்து நஷ்டப்பட்டு மூடிய தம்பியையும், வேலைக்கான நேர்முகத்துக்குப் போய் மூன்றாம் முறையும் வெறுங்கையோடு திரும்பிய மகளையும் அப்படியே பாருங்கள். "எங்கள் பெரியவனைப் பார்" என்று அந்நேரத்தில் ஒப்பிட்டுப் பேசும் ஒரு சொல், பல வருடங்கள் நெஞ்சில் கிடக்கும். தோற்றால் வீட்டில் இடமில்லை என்று கற்றுக்கொண்ட பிள்ளை, அடுத்த முறை தோற்காமலிருக்கக் கற்றுக்கொள்வதில்லை. அடுத்த முறை முன்வராமலிருக்கத்தான் கற்றுக்கொள்கிறது.

இளைஞர்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. அடுத்த ஞாயிறு மாலை நீங்கள் ஆடும் ஆட்டத்தில் உங்கள் நண்பன் ஒருவன் பெனால்ட்டியைத் தவறவிடுவான். யானைக்கும் அடி சறுக்கும் அல்லவா? அவன் தலை குனிந்து, அந்தப் பன்னிரண்டு கெஜத்திலிருந்து உங்களிடம் திரும்பி நடந்து வருவான். அவன் வந்து சேரும்வரை காத்திராதீர்கள். உங்களில் ஒருவனாவது எதிரே நடந்து போங்கள்.