உள்ளங்கைச் சொத்து

அத்திப்பட்டுப் பக்கம் நிலக்கரி வந்திறங்குவதும், காமராஜர் துறைமுகத்தில் கார்கள் கப்பலேறுவதும் அன்றாடக் காட்சி. வடக்கே கும்மிடிப்பூண்டிக்கு அருகில் பெருவாயலில் மகிந்திராவும் ஜப்பானின் சுமிடோமோவும் சேர்ந்து தொழிற்பூங்கா நடத்துகின்றன. இந்த வட்டாரத்துக்கு ஜப்பான் புதிது என்று நினைப்பவர்கள் பழவேற்காட்டை மறந்துவிடுகிறார்கள். 1613-இல் அங்கே எழுந்த டச்சுக்காரர்களின் கெல்ட்ரியா கோட்டை, 1690 வரை சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைமையிடம். இந்தக் கரையில் நெய்து சாயமேற்றிய துணி டச்சுத் துறைமுகமான பட்டாவியாவுக்குப் போய், அங்கிருந்து நாகசாகித் துறைமுகத்தின் தெஜிமா தீவில் இறங்கியது. பூப்போட்ட சீட்டியும், சாந்தோம் பெயரிலேயே அங்கு விற்ற கோடுபோட்ட பருத்தியும் ஜப்பானியருக்குக் கிடைத்தற்கரிய சரக்கு. சின்னத் துண்டைக்கூட வீணாக்காமல் தேநீர்ச் சடங்குப் பாத்திரங்களுக்கு உறை தைத்தார்கள். ஆண்கள் இடுப்பில் தொங்கவிடும் புகையிலைப் பையும் தைத்தார்கள்.

அந்தப் பை நழுவாமல் பிடித்து நின்றதுதான் நெட்சுகே. ஜப்பானிய உடையான கிமோனோவில் சட்டைப்பை கிடையாது. நம் பாட்டிமார் சுருக்குப்பையை இடுப்பில் செருகிக்கொண்டதைப் போல, அங்கே ஆண்கள் புகையிலைப் பையையும் இன்ரோ என்னும் அடுக்கு மருந்துச் சிமிழையும் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டார்கள். கயிறு இடுப்புக் கச்சைக்கு உள்ளே ஏறி மேலே வரும். அதன் முனையில் கட்டிய சிறு சிற்பம் கச்சையின் விளிம்பில் தடுத்து நிற்கும். எலி, நரி, தூங்கும் துறவி, சுருண்ட பாம்பு என்று எதையும் செதுக்கினார்கள். ஆனால் எதுவும் உள்ளங்கைக்குள் அடங்க வேண்டும். துணியில் மாட்டும் கூர்முனை இருக்கக் கூடாது.

பரம்பரைப் பெட்டியில் இப்படி ஒன்று கிடைத்தால் முதலில் திருப்பிப் பாருங்கள். நல்ல நெட்சுகேயின் அடிப்பகுதியிலும் முகத்தில் உள்ள அதே கவனம் இருக்கும், ஏனென்றால் அது மேசையில் நிற்கச் செய்ததல்ல. கயிறு கோக்க இரண்டு துளைகள் இருக்கும்; முடிச்சு உள்ளே மறைவதற்காக ஒன்று பெரிதாக இருப்பதும் உண்டு. சில சிற்பங்களில் மடித்த காலுக்கும் உடலுக்கும் நடுவே உள்ள இடைவெளியே துளையாகிவிடும். அந்தச் சிக்கனத்தைக் கண்டபோது எனக்குச் செதுக்கியவர் மேல் பெரிய மரியாதை பிறந்தது. பல ஆண்டுகள் அணிந்ததென்றால், உடலை ஒட்டிய பக்கம் அதிகமாக வழுவழுவென்று தேய்ந்திருக்கும். துளையின் ஓரத்தைக் கயிறு அரித்திருக்கும். இந்தத் தேய்மானம் சொல்வதை அடியில் உள்ள கையெழுத்து சொல்வதில்லை. தோமோதாதா என்ற கியோத்தோ சிற்பியின் எருதுகளைப் பிறர் நகல் செய்கிறார்கள் என்று 1781-இல் ஒசாகாவில் வெளியான நூலே பதிவு செய்திருக்கிறது.

1868-க்குப் பின் மேல்நாட்டு உடையும் சிகரெட்டும் வந்தன. அணிய ஆளில்லாமல் போன நெட்சுகே ஏற்றுமதிச் சரக்கானது. பின்னர் ஹாங்காங்கிலும் பிற இடங்களிலும் பயணிகளுக்கென்றே தந்தத்திலும் எலும்பிலும் செய்தார்கள். இப்போது பிசினில் வார்த்ததும் நிறைய வருகிறது. வார்ப்பில் அச்சு சேர்ந்த கோடு தெரியும். எலும்பில் நுண்ணிய கரும்புள்ளிகள் இருக்கும். யானைத் தந்தத்தின் குறுக்கு வெட்டில் வளைகோடுகள் ஒன்றையொன்று வெட்டிச் செல்லும். பூதக்கண்ணாடி போதும் அதைப் பார்க்க. ஊசியைக் காய்ச்சிக் குத்திப் பார்க்கும் வழக்கத்தை விட்டுவிட வேண்டும். சோப்பு, புளி, எண்ணெய் எதுவும் வேண்டாம். நூறாண்டுப் பழுப்பைத் தேய்த்து எடுத்துவிட்டால் அதைத் திரும்பக் கொண்டுவர வழியில்லை.

ஜப்பானில் யானை இல்லை. அங்கே செதுக்கிய யானைத் தந்தம் வெளியிலிருந்துதான் வந்தது; பெரும்பாலும் கொல்லப்பட்ட விலங்கின் உடலிலிருந்து. பழவேற்காட்டிலிருந்து புறப்பட்ட டச்சுக் கப்பல்களில் துணி மட்டும் போகவில்லை. அடிமைகளாக விற்கப்பட்ட மனிதர்களும் போனார்கள். அழகிய பொருளைப் பெற்றவர் அதன் இந்தப் பக்கத்தையும் சேர்த்தே பெறுகிறார். ஒன்றைத் தெரிந்துகொண்டு இன்னொன்றைத் தள்ளிவிடுவது அறிவாகாது.

இங்கிலாந்தின் மட்கலைஞர் எட்மண்ட் டி வால் தம் பாட்டியின் தம்பியான இக்கியிடமிருந்து 264 நெட்சுகேகளைப் பெற்றார். அவருடைய யூதக் குடும்பத்தார் 1870-களில் பாரிஸில் வாங்கி, 1899-இல் வியன்னாவுக்குக் கல்யாணப் பரிசாக அனுப்பியவை அவை. 1938-இல் நாஜிகள் குடும்பத்தின் வியன்னா வீட்டைச் சூறையாடியபோது, அன்னா என்ற பணிப்பெண் சிலசிலவாக எடுத்துப்போய்த் தன் மெத்தைக்குள் ஒளித்துக் காப்பாற்றினார். இந்தக் கதையைத் தேடி டி வால் ஊர் ஊராக அலைந்து எழுதிய நூல் 2010-இல் வந்தது. அதன்பின் நெட்சுகேகளில் ஒரு பகுதியை விற்று அந்தப் பணத்தை அகதிகளுக்கு உதவக் கொடுத்தார். பெரும்பகுதியை வியன்னாவின் யூத அருங்காட்சியகத்துக்குக் கடனாக அனுப்பினார். வாரிசு ஒருவர் செய்யக்கூடியதில் இதைவிட நேர்மையானதை நான் அறியேன்.

நம்மிடம் அப்படித் தேடுவோர் குறைவு. 1964-க்குப் பிறகு பர்மாவிலிருந்து கையில் கிடைத்ததோடு திரும்பியவர்களின் வீடுகள் எண்ணூரிலும் வியாசர்பாடியிலும் இருக்கின்றன. மலாயா, சிங்கப்பூர் போய் வந்த குடும்பங்கள் இன்னும் எத்தனையோ. இந்த வீடுகளின் டிரங்குப் பெட்டியில் ஜப்பான் பொருள் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். எது இருந்தாலும், கொண்டுவந்தவர் இறந்ததும் அதன் கதை போய்விடுகிறது. பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி விலையாகிவிடுகிறது.

தந்தமாக இருந்தால் விலைக்கே இடமில்லை. 1972-ஆம் ஆண்டின் காட்டுயிர் பாதுகாப்புச் சட்டப்படி அதை விற்க முடியாது. பரம்பரையாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். ஆனால் வந்த 90 நாட்களுக்குள் தலைமை வன உயிரினக் காப்பாளரிடம் அறிவிக்க வேண்டும். நூறாண்டு கடந்த கலைப்பொருளை அனுமதி இல்லாமல் வெளிநாட்டுக்கு அனுப்புவதும் குற்றம். ஒப்பிட்டுப் பார்க்க விரும்புபவர்கள் ஹைதராபாதின் சாலார் ஜங் அருங்காட்சியகத்தில் உள்ள ஜப்பானியக் கூடத்தையும், மும்பையில் சர் ரத்தன் டாடா சேர்த்த கிழக்காசியக் கலைப்பொருள்களையும் பார்க்கலாம்.

ஆனால் அதற்கு முன்னால் செய்ய வேண்டியது வீட்டிலேயே இருக்கிறது. பெரியவர்கள் இருக்கும்போதே பக்கத்தில் உட்காருங்கள். யார் கொண்டுவந்தது, எந்த ஊரில் கிடைத்தது, எந்த ஆண்டு, காசுக்கா அன்பளிப்பா என்று கேட்டு, அவர்கள் சொல்வதைச் சொன்னபடியே ஒரு தாளில் எழுதி அந்தப் பொருளோடு வையுங்கள்.