படமும் நடுகல்லும்

வீழ்ந்த வீரனுக்குக் கல் நடுவது நம் முன்னோர் மரபு. அக்கல்லிலே அவன் பெயரையும், அவன் எதன்பொருட்டு வீழ்ந்தான் என்பதையும் பொறித்தனர். எழுத்தில்லாத கல்லை வழிப்போக்கர் வெறுங்கல் என்றே கருதிக் கடந்து செல்வர். இன்று ஒரு கட்டடம் வீழும்போது நாம் கல் நடுவதில்லை; படமெடுக்கிறோம். அப்படம் நடுகல்லாகுமா, வெறுங்கல்லாகுமா என்பதே நம் வினா.

தில்லியில் பழைய கோட்டைக்கு அருகே, பிரகதி மைதானத்தில், 'தேசங்களின் மண்டபம்' நின்றது. நாடு விடுதலை பெற்று 25 ஆண்டுகள் நிறைந்த 1972இல், ஆசியப் பொருட்காட்சிக்காக எழுந்தது அது. ராஜ் ரேவால் வடிவமைத்தார். மகேந்திர ராஜ் கட்டமைப்பைக் கணித்தார். எஃகினால் அமைக்கத்தக்க பின்னலை, எஃகு அரிதாயிருந்த அந்நாளில், கான்கிரீட்டிலேயே தொழிலாளர் கைகள் வார்த்தெடுத்தன. இடையே ஒரு தூணுமின்றி 70 மீட்டருக்கும் மேல் விரிந்த கூரை அது. ஆயினும், 60 ஆண்டு நிரம்பிய கட்டடங்களே மரபுச் சின்னமாகக் கொள்ளத்தக்கவை என்று உரிய குழு வரையறுத்தது. 45 ஆண்டே ஆன மண்டபத்துக்கு அவ்வரையறையில் இடமில்லை. 2017 ஏப்ரல் 23 இரவில் இடிப்புத் தொடங்கியது. 2023இல் அவ்வளாகத்தில் பாரத் மண்டபம் திறக்கப்பட்டது. புதிய வளாகத்தின் அடியிலே வாகனங்கள் நிறுத்தவும் இடமுண்டு.

இடிப்புக்குப் பின் வெளிவந்த படங்களில் நாம் காண்பது கான்கிரீட் குவியல். அதைக் கண்டு, அது எத்தகைய மண்டபம் என்று உணர்தல் அரிது. உணரச் செய்பவை, அது நின்ற நாளில் மதன் மகட்டா எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்களே. இடிப்பின் படம் இடித்தவரின் வலிமையைக் காட்டும். இழப்பின் அளவைக் காட்டாது.

புகழ்பெற்ற மண்டபத்துக்கு அவ்வளவேனும் வாய்த்தது. நம்மவர் வீடுகளுக்கு?

ஜங்புராவில், பாரபுல்லா வடிகாலின் கரையில், மதராசி கேம்ப் என்னும் குடியிருப்பு இருந்தது. பிழைப்புத் தேடித் தமிழகத்திலிருந்து வந்தோர் பல பத்தாண்டுகள் அங்கே வாழ்ந்தனர். உயர் நீதிமன்ற ஆணைப்படி, வடிகாலைச் சீர்செய்யும் பொருட்டு, 2025 ஜூன் 1ஆம் நாள் அது இடிக்கப்பட்டது. வீடுகள் ஏறத்தாழ 370. மாற்று வீட்டுக்குத் தகுதி பெற்றவை 189 குடும்பங்கள். அவ்வீடுகளும் நகரின் வடகோடியில், நரேலாவில். அருகே ஜஹாங்கீர் காலத்துப் பாலம் இன்றும் நிற்கிறது. அதற்கு ஏடுகளில் பெயருண்டு. அக்குடிசைகளோ, இடிபட்ட நாளின் படங்களால்தான் நகரத்தார் பலருக்குத் தெரியவந்தன.

அழுபவரைப் படமெடுத்தல் அவர் துயரைக் களவாடுவதாகும் என்பார் உளர். படமின்றேல், அங்கே ஒரு வீடு இருந்ததென்பதே மறக்கப்படும் என்பார் பிறர். இரு சாராரும் உண்மையே உரைக்கின்றனர். அரண்மனைப் புழுதியும் குடிசைப் புழுதியும் படத்தில் ஒரே நிறம். ஆகவே, படமெடுத்தவன் அத்தோடு அகன்றானா, அன்றி அருகே சென்று, இசைவு பெற்று, அச்சுவரை எழுப்பியவர் யார், எந்த ஆண்டில் வந்தார், என்ன தொழில் செய்தார், எவர் ஆணையால் வீடிழந்தார் என்று கேட்டு எழுதினானா என்பதைக் கொண்டே அவன் செயலை அளத்தல் வேண்டும். கேட்டு எழுதியவன் களவாடவில்லை. கல்லில் எழுத்துப் பொறிக்கிறான்.

இப்பணிக்குக் காலம் கடந்துவிடவில்லை. இடம்பெயர்ந்த குடும்பங்களின் பெட்டிகளில் திருமணப் படங்கள் இருக்கலாம். குழந்தையின் பிறந்தநாள் படங்கள் இருக்கலாம். மணமக்களின் பின்னே தெரியும் நீலச் சுவரோ வாயிற்படியோதான் அவ்வீடு நின்றதற்கு எஞ்சிய சான்றாக இருக்கக்கூடும். தலைநகரத் தமிழர் நாம் அவற்றைத் தேடித் தொகுத்து, பெயரும் ஆண்டும் எழுதி வைத்தல் வேண்டும். எழுதுவதற்கு வேண்டிய பெயர்களைச் சொல்வோர் இன்னும் நம்மிடையே உளர்.