பிறேக் இல்லாச் சைக்கிளும் பிறர் உயிரும்

பின்சக்கரத்தோடு மிதியும் ஓயாது சுழலும் பந்தயச் சைக்கிளுக்குப் பிறேக் கிடையாது. காலை எதிர்த்து ஊன்றியே வேகத்தைக் குறைக்க வேண்டும். பந்தயத் தடத்தில் ஓடுவோர் யாவரும் ஆபத்தை அறிந்தே இறங்கியவர்கள். நகரத் தெருவில் நடப்பவரோ அதற்கு உடன்பட்டவரல்லர். 2016இல் லண்டனில் முன்பிறேக் அற்ற அத்தகைய சைக்கிள் மோதித் தெருவைக் கடந்த பெண்ணொருவர் மாண்டார். ஓட்டிய இளைஞருக்கு 2017இல், 1861ஆம் ஆண்டுச் சட்டப்படி, 18 மாதத் தண்டனை கிடைத்தது.

பிறேக் என்பது ஓட்டுபவன் நடப்பவனுக்குத் தரும் வாக்குறுதி. அதைக் கழற்றி எறிவது சுதந்திரமாகாது.

ஆனால் மாங்கேணி ஊடாகச் செல்லும் திருகோணமலை நெடுஞ்சாலையில் தேய்ந்த பிறேக்கோடு மீன் சுமக்கும் உழைப்பாளியையும் இதே தராசில் நிறுக்கலாமா? மோதுண்ட குழந்தைக்கு வலி ஒன்றே, குற்றம் ஒன்றன்று. விருப்பத்தால் கழற்றியவனைச் சட்டம் தடுக்கட்டும். வறுமையால் மாற்ற இயலாதவனுக்கு, பிறேக் கட்டை வாங்கப் போதுமான கூலியைச் சமுதாயம் தரட்டும்.