ஊழும் ஓடுபாதையும்

2025 ஜூன் 12-ஆம் தேதி அகமதாபாத்தில் புறப்பட்ட சில வினாடிகளிலேயே ஏர் இந்தியா விமானம் விசையிழந்து வீழ்ந்து, அதிலிருந்த 242 பேரில் ஒருவர் மட்டும் பிழைத்தாரே, அத்தகைய செய்தி வரும்போதெல்லாம் மலேசியாவின் ராசா நகரிலும் சுற்றுவட்டத் தோட்டங்களிலும் நம்மவர் நாவில் முதலில் எழுவது 'எல்லாம் விதி' என்னும் சொல்லே. அந்த ஒருவரைத் தெய்வம் காத்ததென்றால் மற்ற 241 பேரை அது கைவிட்டதா என்ற வினாவுக்கு விடை கூறும் துணிவு எனக்கில்லை. ஆனால் விதி என்பது எது என்பதைப் பற்றி ஓர் அபிப்பிராயம் உண்டு.

பெரிய ஜெட் விமானம் ஒவ்வொரு முறை கிளம்புமுன்னும், அதன் எடை, வெப்பநிலை, ஓடுபாதையின் நீளம் ஆகியவற்றைக் கொண்டு 'வீ-ஒன்' என்றொரு வேகத்தைக் கணித்து வைக்கிறார்கள். அவ்வேகத்தை எட்டுமுன் ஓர் இன்ஜின் பழுதானால் நிறுத்திவிடலாம். எட்டிய பின்னரோ, நிற்பதற்குப் பாதை போதாது, மிஞ்சிய இன்ஜின்களின் பலத்தாலேயே மேலெழ வேண்டும். அதனால்தான் 'வீ-ஒன்' என்ற குரல் கேட்டதும் விமானத் தலைவர் விசைப்பிடிகளிலிருந்து கையை எடுத்துவிடுகிறார். என் கண்ணுக்கு இது ஒரு துறவாகவே தோன்றுகிறது.

1996 ஜூன் 13-ஆம் தேதி ஜப்பானின் ஃபுகுவோகாவில், 275 பேருடன் கிளம்பிய கருடா இந்தோனேசியாவின் டி.சி.-10 விமானத்தின் மூன்று இன்ஜின்களில் ஒன்று, அது நிலத்தைவிட்டு எழும் தறுவாயில் செயலிழக்க, தலைவர் பயணத்தைக் கைவிட்டு நிறுத்த முயன்றார். விமானம் பாதையைக் கடந்தோடித் தீப்பற்றி, மூவர் மாண்டனர். மேலே பறந்திருக்கக்கூடும் என்றது விசாரணை. அந்தப் பேரோசைக்கிடையே ஒரு கணத்தில் முடிவெடுக்க நேர்ந்தவரைத் தூற்ற எனக்கு மனமில்லை. ஆனால் அதே விசாரணை வேறொன்றையும் கண்டது: முறிந்த டர்பைன் இதழ், உற்பத்தியாளர் மாற்றச் சொன்ன எல்லையைத் தாண்டியும் உழைத்துக்கொண்டிருந்தது.

அந்த இதழை மாற்றாமல் விட்டது என்றோ, எங்கோ, யாரோ செய்த வினை. சஞ்சிதமாகக் கிடந்தது, பலன் தரத் தொடங்கிய கணத்தில் பிராரப்தமாயிற்று. அதை அறியாத பிரயாணிகளுக்கு அது விதியாகவே வந்தது. அறத்துப்பாலின் இறுதியில் ஊழின் வலிமையைப் பேசிய வள்ளுவர், பொருட்பாலில் ஆள்வினையுடைமையைச் சொல்லும்போது அந்த ஊழையும் வெல்லலாம் என்றது முரண்பாடென்று பண்டிதர்கள் வாதிடுவதுண்டு. நான் அவ்வாறு கருதவில்லை. பயிற்சிக்கூடத்தில் பலமுறை போலி இன்ஜின் பழுதைச் சந்தித்துக் கையும் காலும் பழகிய விமானிக்கு, அந்தப் பயிற்சியும் முன்வினைதானே! அபாயம் வந்த வினாடியில் அவர் புதிதாக எதையும் யோசிப்பதில்லை. விமானத்தை நேராகப் பறக்கச் செய்து, 400 அடி உயரமாவது எட்டிய பிறகே பழுதைக் கவனிக்கிறார்.

ராசாவிலிருந்து பத்தாங்காலிக்கும் கோலகுபு பாருவுக்கும் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் பள்ளிப் பேருந்துக்காரர்களே, சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வையுங்கள், நான் தடுக்கவில்லை. அதற்கு முந்தைய நாளே பிரேக்கையும் டயரையும் பட்டறையில் காட்டிவிடுங்கள்.