மேடையேறிய ஜெபம்

பிரார்த்தனையை ஒரு நகைச்சுவைப் படம் பரிகாசப் பொருளாக்கலாமா என்று கேட்டால், ஆஸ்திகர்களில் பெரும்பாலோர் கூடாது என்றே சொல்லுவார்கள். நானும் பொதுவாக அந்தக் கட்சியைச் சேர்ந்தவனே. ஆயினும் 2012-இல் வெளிவந்த ‘தி கேம்பெய்ன்’ என்னும் அமெரிக்கப் படத்தின் ஒரு காட்சியைப் பார்த்த பிறகு, அங்கே பரிகசிக்கப்படுவது பிரார்த்தனைதானா, அல்லது அதை வோட்டுக்கு விலை பேசுகிற வழக்கமா என்ற விசாரணையில் மனம் இறங்கிவிட்டது.

ஜே ரோச் இயக்கிய இப்படம், வட கரோலைனா மாநிலத்தின் 14-ஆவது காங்கிரஸ் தொகுதியில் நடக்கும் தேர்தலைப் பற்றியது. அக்காலத்தில் அம்மாநிலத்துக்கு 13 தொகுதிகளே இருந்தமையால் அது கற்பனைத் தொகுதி; 2020 ஜனத்தொகைக் கணக்குக்குப் பின் மெய்யாகவே 14-ஆவது தொகுதி உண்டாகிவிட்டது. வில் ஃபெரல் நடிக்கும் கேம் பிரேடி, பல முறை வென்று பதவியிலேயே ஊறிப்போனவர். ஸாக் கலிஃபியனாகிஸ் நடிக்கும் மார்ட்டி ஹக்கின்ஸோ ஒரு சாது. மோட்ச் சகோதரர்கள் என்ற இரு கோடீசுவரர்கள் தங்கள் லாபத்தைக் கருதி அவரைப் பிடித்து நிறுத்துகிறார்கள். படத்தில் ஆபாசத்துக்குக் குறைவில்லை. எதிரியை நோக்கி ஓங்கிய குத்து ஒரு கைக்குழந்தையின் முகத்தில் விழுவதுகூட அங்கே வேடிக்கைதான்.

இத்தனை கூத்துக்கும் நடுவே, விவாத மேடை ஒன்றில் ஹக்கின்ஸ் திடீரென்று, பரமண்டல ஜெபத்தைச் சொல்லும்படி பிரேடிக்குச் சவால் விடுகிறார். அமெரிக்கா, இயேசு, சுதந்திரம் என்ற மூன்று சொற்களையும் மந்திரம்போல் ஜபித்தே காலம் தள்ளிய அந்த அபேட்சகருக்கு, கிறிஸ்தவக் குழந்தைகள் மழலையிலேயே கற்றுக்கொள்ளும் ஜெபம் தெரியவில்லை. அவருடைய காரியஸ்தர் தூரத்தில் நின்றுகொண்டு ஒவ்வோர் அடியையும் அபிநயம் பிடித்துக் காட்ட, அந்தச் சைகைகளைத் தப்பும் தவறுமாக ஊகித்து அவர் உளறும் உளறலைக் கேட்டுச் சிரிக்காதவர் இருக்க மாட்டார்கள்.

அந்தச் சிரிப்பு அடங்கிய பின் மத்தேயு சுவிசேஷத்தின் 6-ஆம் அதிகாரத்தை எடுத்துப் படித்தால், காட்சியின் உட்பொருள் விளங்கும். மலைப்பிரசங்கத்தின் அப்பகுதியில் இயேசுநாதர், மனுஷர் காணவேண்டுமென்று ஜெப ஆலயங்களிலும் வீதிச் சந்திகளிலும் நின்று ஜெபிக்கும் மாயக்காரரைக் கண்டித்து, அறைக்குள் சென்று கதவை அடைத்துக்கொண்டு அந்தரங்கத்தில் ஜெபியுங்கள் என்று உபதேசித்து, அதைத் தொடர்ந்தே பரமண்டல ஜெபத்தைக் கற்பிக்கிறார். ஊரார் முன்னிலையில் பக்தியை நிரூபிப்பதற்கு உபயோகப்படக் கூடாத ஜெபம் ஒன்று உண்டானால், அது இதுவே. ஆகவே ஜெபம் தெரியாமல் விழித்த பிரேடி ஒரு பாமரர்தான். அதைத் தெரிந்துவைத்துக்கொண்டு எதிரியை வீழ்த்தும் ஆயுதமாக்கிய ஹக்கின்ஸும், அந்தப் பரீட்சையை நியாயமென்று ஏற்றுக்கொண்ட சபையோருமே அதைக் கற்பித்தவருக்கு அதிகம் பதில் சொல்லவேண்டியவர்கள்.

இந்தப் பரீட்சை சினிமாக்காரர்களின் கற்பனையன்று. வட கரோலைனாவின் 1776-ஆம் வருஷத்து அரசியல் சட்டம், கடவுள் இல்லை என்பவரும் புரொட்டஸ்டண்ட் மதத்தின் சத்தியத்தை மறுப்பவரும் பதவி வகிக்கலாகாது என்று விதித்திருந்தது. அதைக் கொண்டு, சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட யூதரான ஜேக்கப் ஹென்றியை 1809-இல் வெளியேற்றப் பார்த்தார்கள். அவர் மனச்சாட்சியின் சுதந்திரத்தைக் குறித்துப் பேசித் தம் இடத்தைக் காத்துக்கொண்டார். 1835-இல் ‘புரொட்டஸ்டண்ட்’ என்பது ‘கிறிஸ்தவ’ என்று மாறியது. 1868-இல் கடவுளை மறுப்பவருக்கு மட்டுமான தடையாகச் சுருங்கியது. இத்தகைய மதப் பரீட்சை செல்லாதென்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1961-இல் மேரிலாந்து வழக்கொன்றில் தீர்ப்பளித்த பிறகும், அம்மாநிலத்தின் 1971-ஆம் வருஷத்துச் சட்டத்தில் அந்த வாசகம் இடம்பெற்றது. 2009-இல் ஆஷ்வில் நகரசபைக்கு ஒரு நாஸ்திகர் தேர்ந்தெடுக்கப்பட்டபோது, அதைக் காட்டி ஆட்சேபித்தவர்களும் இருந்தார்கள்.

பதவிக்கு மதப் பரீட்சை கூடாது என்ற மத்திய அரசியல் சட்டத்தின் விதியைப் பற்றி, 1788-இல் இதே மாநிலத்து ஹில்ஸ்பரோ நகரில் கூடிய மகாசபை வாதம் செய்தது. போப்பாண்டவரே அமெரிக்க ஜனாதிபதியாகிவிடக்கூடும் என்ற அச்சத்துக்கெல்லாம் அங்கே மெனக்கெட்டுச் சமாதானம் சொல்லவேண்டியிருந்ததை நினைத்தால், சரித்திரத்துக்கும் ஹாஸ்யம் தெரியும் என்றே தோன்றுகிறது. ஆனால் அச்சபையில் ஸாமுவேல் ஸ்பென்ஸர் சொன்ன நியாயம் ஆழ்ந்த சிந்தனைக்குரியது: கொள்கையற்றவன் எந்தப் பிரமாணத்தையும் கூசாமல் எடுத்துக்கொள்வான், பரீட்சையால் விலக்கப்படுகிறவன் மனச்சாட்சிக்கு அஞ்சுகிறவனே.

வள்ளுவர் ‘கூடாவொழுக்கம்’ என்ற அதிகாரத்தின் தொடக்கத்திலேயே, வஞ்ச மனத்தானுடைய பொய்யொழுக்கத்தைக் கண்டு அவன் தேகத்திலுள்ள பஞ்சபூதங்களும் தமக்குள் நகைக்கும் என்கிறார். வேஷதாரிக்கு வள்ளுவர் முதலில் விதிக்கும் தண்டனை, நரகமோ மறுபிறப்போ அன்றி, இந்தச் சிரிப்பு என்பது எண்ணத்தக்கது. பூதங்கள் உள்ளுக்குள் சிரிப்பதை இப்படம் கொட்டகை முழுவதும் கேட்கும்படி சிரித்துவிடுகிறது. தொனி கரடுமுரடானாலும், சிரிக்கப்படும் பொருள் ஒன்றே.

படத்தின் முடிவில், ஹக்கின்ஸைக் கைவிட்டுத் தம் பக்கம் சாய்ந்துவிட்ட மோட்ச் சகோதரர்களின் தில்லுமுல்லு வோட்டு இயந்திரங்களால் வென்ற பிரேடி, தான் தகுதியற்றவன் என்று ஒப்புக்கொண்டு பதவியைத் துறக்கிறார். இவ்வளவு காலம் பொய்யில் புரண்டவர் ஒரு கணத்தில் திருந்திவிடுவது, கதையை முடிக்கும் அவசரமென்று கருத இடமுண்டு. இதுவும் மேடையில் நின்று சொன்ன வார்த்தைதானே என்று ஒருவர் கேட்கலாம். ஜெபத்துக்கும் இந்த ஒப்புதலுக்கும் உள்ள வித்தியாசம் பலனில் இருக்கிறது: அதைப் பிழையின்றிச் சொல்லியிருந்தால் வோட்டுக் கிடைத்திருக்கும், இதைச் சொன்னதால் கையிலிருந்த பதவி போயிற்று. பிறர் நெஞ்சில் உறையும் தெய்வத்தை அளக்க நமக்குக் கருவி இல்லை. ஒருவன் தன் நம்பிக்கைக்காக எதை இழக்கத் துணிந்தான் என்பதை மட்டுமே நாம் காண முடியும். அப்படி இழக்கத் துணிந்தவனைத் தேடிப் பிடித்து வாசலுக்கு வெளியே நிறுத்துவதுதான் பதவிக்கு வைக்கும் மதப் பரீட்சை. அதைச் சட்டம் வைத்தாலும் ஜனங்கள் வைத்தாலும் விளைவு ஒன்றே. எனவே, அபேட்சகரிடம் ஜெபம் கேளாத வாக்காளரையே நான் அதிக ஆஸ்திகர் என்பேன்.