பந்தில் யாருடைய கை?

அமெரிக்காவில் பழைய பேஸ்போல் பந்துகளைச் சேகரிப்போர் ஒரு விசித்திரமான சிக்கலுக்கு முகங்கொடுக்கிறார்கள். ஓர் அணியைச் சேர்ந்த 20 பேருக்கு மேற்பட்டோர் ஒரே பந்தில் கையொப்பமிட்டிருப்பார்கள். பந்து அசல். மையும் அக்காலத்தது. அந்த அணியின் உடைமாற்றும் அறையிலிருந்தே அது வந்தது என்பதும் உண்மை. ஆனால் எல்லோரும் தேடும் நட்சத்திர வீரரின் பெயரை மட்டும் அறையில் எடுபிடி வேலை பார்த்தவன் எழுதியிருப்பான். ஒப்பமிட்டு அலுத்துப்போன வீரரே “நீ போட்டுவிடு” என்று சொல்லியிருப்பார். இத்தகைய ஒப்பத்துக்குச் சேகரிப்போர் அந்த அறையின் பெயரையே வைத்துவிட்டார்கள்.

இது மோசடியா?

1990களின் இறுதியில் எஃப்.பி.ஐ. பிடித்த கும்பல் செய்தது மோசடிதான், அதில் விவாதமில்லை. சன் டியேகோவை மையமாகக் கொண்ட அவ்விசாரணையில் அன்னை தெரேசா ‘ஒப்பமிட்ட’ பேஸ்போல் பந்துகூட அகப்பட்டது! எடுபிடிப் பையன் அந்த ரகமல்லன். உரியவரின் அனுமதி அவனிடம் இருந்தது. வகாலத் கொடுத்தாயிற்று, பிறகென்ன குற்றம் என்று ஒருவர் கேட்கலாம்.

ஜோ ஜக்சனின் கதை இக்கேள்வியை இன்னும் சிக்கலாக்குகிறது. 1919 உலகத் தொடர் ஊழல் காரணமாக ஆயுட்காலத் தடைக்குள்ளான பெரும் வீரர். எழுத வாசிக்கத் தெரியாதவர். அவருக்காகப் பெரும்பாலும் மனைவி கேட்டிதான் ஒப்பமிட்டார். அவரே சிரமப்பட்டு எழுதியவை மிகச் சில. அப்படி அவர் ஒப்பமிட்ட 1911ஆம் ஆண்டுப் புகைப்படமொன்று 2021இல் 14 இலட்சம் டொலருக்கு மேல் விலைபோனது.

கேட்டியின் ஒப்பத்தைப் பொய் என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. எழுதத் தெரியாத உம்மாவுக்காக மூத்த மகள் தேர்ச்சி அறிக்கையில் ஒப்பமிட்டு வந்தால் நான் அதைத் திருப்பி அனுப்புவதில்லை. உம்மாவுக்கு எழுதத் தெரியாது என்பது எனக்குத் தெரியும். இதுவே வேறுபாடு என்பேன். பந்தை நீட்டிய சிறுவனுக்கு எதுவும் தெரியாது. பெயருக்குரியவர் அனுமதித்தார், எழுதியவன் எழுதினான். இருவருக்குமிடையே கணக்குச் சரி. ஆனால் ஒப்பம் மூன்றாமவனுக்கல்லவா கொடுக்கப்படுகிறது? அவன் கேட்டது பெயரையல்ல. பெயரை அவனே எழுதிக்கொண்டிருக்கலாம். அந்தக் கை சிறிது நேரம் இந்தத் தோலில் இருந்தது என்பதைத்தான் கேட்டான். (இதில் தபர்ருக்கின் வாடை அடிப்பதாக நம்மில் சிலர் முகம் சுளிக்கக்கூடும். அது வேறு விவாதம்.)

அவன் மகிழ்ந்தானே, அந்த மகிழ்ச்சி பொய்யா என்பார்கள். மகிழ்ச்சி மெய்தான். அதனால்தான் அது அமானிதமாகிறது. பெரியவனாகி, முதுமையடைந்து, பேரனிடம் கொடுத்துவிட்டுப் போகிறான். நிபுணர் ஒருவர் உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கும்போது பேரன் இழப்பது பணம் மட்டுமா?

ஒன்று கவனித்தேன். அதே பந்தில் பதிலாட்டக்காரர்கள் இருப்பார்கள். முழுப் பருவத்திலும் சில ஆட்டங்களே ஆடியவர்கள். அவர்களுடைய ஒப்பத்தை வேறு எவனும் போட்டுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. தாமே உட்கார்ந்து, தெளிவாக, முழுப்பெயரையும் எழுதியிருப்பார்கள். ஏல விளம்பரங்களில் அவர்கள் ‘மற்றும் பலர்’.